கோமதி அக்காவின் தூண்டில் கம்பு

1. ஆக்சா பிளேடு வேண்டாம்

"வெட்டாம கழட்டித் தரணும். வெட்டித்தான் ஆகணும்னா இப்பவே சொல்லிரு, கொண்டு போயிருதேன்."

கோமதி அக்கா என் கடைக்குள் வந்ததும் சொன்னது இதுதான். கையில் ஒரு மூங்கில் தூண்டில் கம்பு. ஷட்டருக்குக் கீழே சாய்த்து நுழைத்தும் அதன் நுனி இன்னும் சாலையில்தான் இருந்தது. அவருக்குப் பின்னாலேயே பக்கத்து லேத் பட்டறை பேச்சிமுத்து அண்ணாச்சி ஆக்சா பிளேடோடு வந்தார்.

"நடுவுல ரெண்டு வெட்டு, உள்ள ஒரு புஷ் குழாய். அம்புட்டுதான் வேல. இந்தம்மா கேக்க மாட்டேங்கு. ஏ டிப்ளமா, இதெல்லாம் உங்க புஸ்தகத்துல இருக்கா?"

"புஸ்தகத்துல இல்ல அண்ணாச்சி. உங்க பிளேடுலயும் இல்ல" என்றேன்.

"வாய் மட்டும் நல்லாப் பேசுத" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது என் கடை. லாட்ஜ்களின் கீசர், கதவுப் பூட்டு, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் என்று எது வந்தாலும் பார்ப்பேன். வாசுதேவநல்லூர் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமாவும் முடித்தேன். பெயர்ப்பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் டி.எம்.இ. என்று எழுதச் சொன்னபோது, "இது எதுக்கும்மா, இடம் பத்தாது" என்றார் பெயின்டர். பெயரைச் சின்னதாக்கி அதைப் பெரிதாக எழுதச் சொன்னேன்.

பாலிடெக்னிக்கில் இப்போது படிக்கும் பெண்கள் சிலர், தனியாகக் கடை வைக்கலாமா அக்கா என்று கேட்கிறார்கள். வைக்கலாம். கீசரையும் மோட்டாரையும் பற்றி அவர்களுக்குப் பாடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் கம்பைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2. எண்ணெய் செய்த வேலை

கம்பு மூன்று துண்டுகள் கொண்டது. துண்டுகளைச் சேர்க்கும் இடங்களில் பித்தளைக் குழாய் மூட்டுகள். ஒரு துண்டின் முனையில் இருக்கும் மெல்லிய குழாய், அடுத்த துண்டின் வாயில் இருக்கும் கொஞ்சம் பெரிய குழாய்க்குள் போய் உட்காரும். ஆண் குழாய், பெண் குழாய் என்போம். இரண்டு மூட்டுகளும் அசையவில்லை. விளிம்பைச் சுற்றிப் பழுப்பாக ஏதோ கட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

"எண்ணெ போட்டது யாரு அக்கா?"

"வேற யாரு, எங்க வீட்டுக்காரருதான். அவரு எல்லாத்துக்கும் எண்ணெதான் போடுவாரு. சைக்கிளுக்கு, கதவுக்கு, மாட்டுக்காரன் முதுகுக்கு. எண்ணெ பட்டா எதுவும் கழண்டு வந்துரும்னு ஒரு நெனப்பு."

அவர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் வேலை பார்த்தவர். எண்ணெய் தேய்ப்பவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எண்ணெய் பாட்டிலின் மூடியைச் சுற்றி நாளாக நாளாகப் பிசுக்குக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் மூட்டுக்குள்ளும் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் புது எண்ணெய், பழைய பிசுக்கின் மேல். கடைசியில் கழற்றாமலே விட்டுவிட்டதால் பசை போட்டு ஒட்டினமாதிரி இறுகிவிட்டது.

ஏன் கழற்றாமல் விட்டார்கள் என்று கேட்டேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சாரல் சீசனில் அக்கா அருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவர். எண்ணெய் தேய்த்துக்கொள்ள எஸ்டேட்டிலிருந்து வந்த ஒருவர் தன் பழைய கம்பை அக்காவின் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து, ஓய்வு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர் குளத்தில்தான்.

"போன வருசம், நல்ல சீசன் நேரம். எண்ணெ தேய்க்க ஆளு வரிசையா உக்காந்துருக்கு, இவரக் காணும். மத்தியானம் கம்பும் கையுமா வாராரு. அத்தன பேரு முன்னால வச்சுக் கேட்டுப்புட்டேன், நீ ஆம்பளையா மீன்கொத்தியான்னு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அவரும் சிரிச்சாரு. கம்பச் சாத்தி வச்சாரு. அன்னைக்கே செங்கோட்டைக்குப் பஸ் ஏறுனவருதான்."

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஒரு வைத்தியசாலையில் இப்போது எண்ணெய் தேய்க்கிறார். பேச்சே இல்லை. போன வாரம்தான் முதல்முறையாக போன் செய்திருக்கிறார்.

"எப்படி இருக்கேன்னு கேக்கல. கம்பப் பிரிச்சு பஸ்ல குடுத்து விடுன்னாரு. கேட்டாருல்லா, அதுவே போதும் எனக்கு. இத வெட்டி அனுப்புனேன்னு வையி, கோவத்துல வெட்டிட்டான்னுதான் நெனப்பாரு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலையே காட்ட மாட்டாரு. புரியுதா பிள்ள?"

புரிந்தது. கம்பை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள் என்றேன்.

3. நான்கு கைகள்

இந்த மூட்டில் செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். திருகக்கூடாது. ரெஞ்சோ பிளையரோ போட்டுத் திருகினால் பித்தளை திரும்பாது, பித்தளைக்குள் ஒட்டியிருக்கும் மூங்கில்தான் முறுக்கிக்கொண்டு கீறும். அடுப்பில் காட்டவும் கூடாது. மூங்கிலைப் பிடித்திருக்கும் பசை உருகிவிடும்.

விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, துரு நீக்கும் ஸ்ப்ரேயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைத்தேன். எதிர் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்தேன். ஆண் குழாய்ப் பக்கம் ஐஸ் வைத்தால் அது கொஞ்சம் சுருங்கும். உடனே பெண் குழாயை மட்டும் வெந்நீரில் பிழிந்த துணியால் சுற்றினால் அது கொஞ்சம் விரியும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் முடி அளவு இடைவெளிதான் நமக்கு வேண்டியது. நேராக இழுக்க வேண்டும். அவ்வளவே.

மேல் மூட்டை நானே கழற்றினேன். குந்தி உட்கார்ந்து, கம்பை முழங்கால்களுக்குப் பின்னால் வைத்து, மூட்டுக்கு இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு முழங்கால்களை வெளிப்பக்கமாக விரிக்க வேண்டும். கைகளைக் கால்கள் தள்ளும், இழுப்பு நேராக விழும். பார்ப்பதற்குத் தவளை மாதிரி இருக்கும் என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செய்தேன். வந்துவிட்டது.

கீழ் மூட்டு வரவில்லை. அது இன்னும் தடிமன். மரக்கட்டைகளைக் குடைந்து அதற்குள் கம்பை வைத்து, மேசையில் பொருத்திய வைஸ் பிடியில் இறுக்கி இழுத்துப் பார்த்தேன். மூங்கில் லேசாக முனகியது. அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். எனக்கு அது தெரியும். தனி ஆளாகவே எல்லாவற்றையும் செய்து பழகியவள் நான். கீசரை மாடிக்கு ஏற்ற வண்டியில் கப்பி வைத்திருக்கிறேன், மோட்டாரைத் தூக்கச் சங்கிலி வைத்திருக்கிறேன். இன்னொரு ஆள் தேவைப்படாதபடி ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்து வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இந்த மூங்கில் குச்சிக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெளியே சாரல். வேன் வேனாக ஆட்கள் அருவிக்குப் போனார்கள், ஈரத் தலையோடும் எண்ணெய் வாசனையோடும் திரும்பி வந்தார்கள். எல்லா வேனிலும் பாட்டும் சிரிப்பும். சீசன் முழுக்க இந்தச் சாலையில் இவ்வளவு கூட்டம் போகும். அவர்களில் யாரும் என் கடையில் நிற்கக் காரணம் இல்லை. மதியச் சாப்பாட்டை வைசைப் பார்த்தபடி சாப்பிடுவேன். சாயங்காலம் அப்பா போன் செய்வார். "சாப்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். அதற்குமேல் என்ன கேட்பது என்று அவருக்கும் தெரியாது, என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. பெண் குழாய் விரியவில்லை அப்பா என்று சொல்லவா முடியும்?

மறுநாள் அக்கா வந்தார். "ஒரு மூட்டுதான் வந்துருக்கு அக்கா. இதுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்றேன்.

"அதுக்கு என்ன? நான் நிக்குதேனே, தூணா நான்?" என்றார். "நானும் அவரும் இப்படித்தானே பிரிப்போம்."

எதிரெதிரே நின்றோம். ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பிடித்து இழுப்பதுதான் எல்லாரும் நினைப்பது. அப்படிச் செய்தால் ஒருவர் கை கொஞ்சம் கோணினாலும் கம்பு ஒடிந்துவிடும். ஒவ்வொருவரும் ஒரு கையை மூட்டுக்கு இந்தப் பக்கமும் மற்றக் கையை அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். நான்கு கைகளும் மாறி மாறி அமரும். அக்காவின் கைகள் சொல்லாமலே சரியான இடத்துக்குப் போய்விட்டன. மங்குஸ்தான் தோல் கறை படிந்த விரல்கள். என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இன்னொரு முகம் வந்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐஸ் வைத்தேன். வெந்நீர்த் துணியைச் சுற்றி எடுத்தேன்.

"பைய இழுங்க அக்கா. வெட்டி இழுக்கக் கூடாது."

"எனக்கே சொல்லித் தாரியாக்கும்? நீ மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்காத. ம்... ம்... வருது பாரு... வருது!"

டொப் என்று கழன்றது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தடுமாறி, அக்கா ஸ்டூல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கம்பில் ஒரு கீறல் இல்லை. "அண்ணாச்சி! வந்து பாரும்வே!" என்று பக்கத்துப் பட்டறையைப் பார்த்துக் கூவினார்.

4. நடுத்துண்டு

உள்ளே கட்டியிருந்த பிசுக்கைத் தின்னரால் துடைத்து எடுத்துவிட்டு, மூன்று துண்டுகளையும் கட்டிக் கொடுக்கத் துணி தேடினேன். அக்கா நுனித்துண்டையும் அடித்துண்டையும் மட்டும் எடுத்துச் சாக்கில் சுற்றினார். நடுத்துண்டை மேசை மேலேயே வைத்தார்.

"இது இங்கன இருக்கட்டும்."

"அக்கா, நடுத்துண்டு இல்லாம அத வச்சு ஒண்ணும் செய்ய முடியாது."

"அதுக்குத்தான். வேணும்னா ஆளு நேர்ல வரட்டும். வீட்டுல வச்சா எனக்கே மனசு இளகி அனுப்பிருவேன். உங்கிட்டயே இருக்கட்டும்."

நடுத்துண்டை மூலையில் சாத்தி வைத்தேன். அன்றிலிருந்து நடுவயது ஆள் யார் கடை வாசலில் நின்றாலும் அவர் கையைத்தான் முதலில் பார்ப்பேன், எண்ணெய் தேய்த்த கையா என்று. ஒருவர் நின்றார், மிக்சி ஜாருக்குப் பிளேடு கேட்டார். இன்னொருவர் நின்றார், மெக்கானிக் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றதும் போய்விட்டார். என்னைத் தேடி வராத ஒருவருக்காக நானும் காத்திருந்தேன் என்பது இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

சாரல் ஓய்ந்து, பழக்கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சமயத்தில் அக்கா வந்தார். கையில் அதே சாக்குச் சுற்று.

"திருப்பி அனுப்பிட்டாரு பிள்ள. புதுசு ஒண்ணு வாங்கிட்டாராம். இழுத்தா நீளுமாம், தள்ளுனா சுருங்குமாம். பழசு அங்கனயே கெடக்கட்டும்னு டிரைவர்கிட்ட சொல்லி விட்டுருக்காரு."

ஒரு பொருள் கெட்டால் எங்கே கெட்டது என்று தேடத் தெரியும் எனக்கு. இதில் எங்கே தேடுவது? வேலையை நான் சரியாகத்தான் செய்திருந்தேன். கம்பு முழுசாக இருந்தது, ஆள் வரவில்லை. அக்கா சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூலையில் இருந்த நடுத்துண்டை அவரே போய் எடுத்தார்.

"இந்த மூணும் இப்ப சரியாச் சேருதான்னு பாரு."

"யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான். சீசன் முடிஞ்சி போச்சு. வீட்டுல உக்காந்து சுவரப் பாக்கவா?"

"மீன் பிடிக்கத் தெரியுமா?"

"அவருக்கே தெரியுது. எனக்குத் தெரியாதா?"

5. நீலம் தடவிப் பார்த்தது

அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஆய்க்குடி போகும் வழியில் உள்ள ஒரு குளத்துக்கு, துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போவார். அங்கே மாட்டுவார். திரும்பும்போது மேல் மூட்டு கழன்றுவிடும், கீழ் மூட்டு வராது. கரையில் இருக்கும் ஆண்களிடம் கொடுத்தால் திருகிவிடுவார்கள் என்று பயம். நீளக் கம்பைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். அதனால் தோளில் வைத்துக்கொண்டு என் கடை வரைக்கும் நடந்தே வருவார்.

"ஏட்டி, கம்பப் பிடி!" என்று சாலையிலிருந்தே குரல் வரும்.

இருவரும் எதிரெதிரே நின்று இழுப்போம். பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். இலையில் சுற்றிய ஜிலேபிக் கெண்டை எனக்கு ஒன்று இருக்கும். குளத்தில் யார் யாரைத் திட்டினார்கள், எந்தக் கொக்கு மீனைத் திருடியது என்று எல்லாம் சொல்வார். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த என் டிப்ளமா சான்றிதழைக் காட்டி, "அதுல என்ன எழுதிருக்கு? வாசி" என்றார். முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாசித்து, தமிழில் அர்த்தமும் சொன்னேன். அதை வாசிக்கச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில்கூட, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களே தவிர, வாசிக்கச் சொல்லவில்லை.

அக்கா வரும் நாட்களில் மாலை வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிட்டு, டீக்குப் பால் வாங்கி வைத்திருப்பேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அவர் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது. தொப்பலாக நனைந்திருந்தார். ஒரு கால் செருப்பு வழியில் அறுந்து, வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். கம்பு மட்டும் பாலிதீன் சுற்றிப் பத்திரமாக இருந்தது.

"ஆட்டோக்காரன் ஒருத்தன் நிப்பாட்டுனான். கம்பப் பாத்துட்டு, அத வெளிய போட்டுட்டு நீ மட்டும் ஏறுன்னான். போலேன்னுட்டேன்" என்று சிரித்தார். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

மூட்டைப் பிரித்தோம். "துண்டு மூணும் இன்னைக்கு இங்கயே இருக்கட்டும் அக்கா" என்று என் செருப்பைக் கொடுத்து, நிறுத்தம் வரை கூட்டிப்போய் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

பிசுக்குதான் முழுக் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். பிசுக்குப் போன பிறகும் அது பிடிக்கிறது என்றால் குழாயிலேயே ஏதோ இருக்க வேண்டும். மறுநாள் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். கீழ் மூட்டின் ஆண் குழாய் முழு வட்டமாக இல்லை. எப்போதோ யாரோ பிளையரால் நசுக்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை மேடு. பாலிடெக்னிக் பிட்டிங் ஷாப்பில் முதல் வருடம் சொல்லித் தருவார்களே, அதைத்தான் செய்தேன். ஆண் குழாயின் மேல் மெல்லிய படலமாக நீல மையைத் தடவி, உள்ளே செருகி, எடுத்துப் பார்த்தால் உரசும் இடம் மட்டும் நீலம் போய்ப் பளபளக்கும். அந்த இடத்தில் மட்டும் ஜீரோ எமரித் தாளால் இரண்டு தேய்ப்பு. மறுபடியும் நீலம். மறுபடியும் தேய்ப்பு. அவசரப்பட்டால் மூட்டு தொளதொளத்துவிடும், வீசும்போது மேல் துண்டுகள் கழன்று தண்ணீருக்குள் போய்விடும். நாள் முழுக்க அதே வேலை. கடைசியில் நீலம் சுற்றிலும் ஒரே சீராக மங்கியது. துடைத்துவிட்டுச் செருகினேன், பிடித்து நின்றது. தனியாக நேராக இழுத்தேன். சின்னச் சத்தத்தோடு வந்தது.

செருகினேன், இழுத்தேன். இன்னொரு தடவையும் செய்து பார்த்தேன். இது சரியாகிவிட்டால் என்ன ஆகும் என்று காலையில் நீல மையைத் திறக்கும்போதே எனக்குத் தெரியும்.

அக்கா என் செருப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "நீங்களே இழுத்துப் பாருங்க" என்றேன். இழுத்தார். கழன்றது. நம்பாமல் மறுபடி சேர்த்து மறுபடி இழுத்தார்.

"அடியே! ஒத்தைல வருதே!" வெளியே போய், "அண்ணாச்சி, எம்பிள்ள செஞ்ச வேலயப் பாரும்" என்று காட்டிவிட்டு வந்தார். பேச்சிமுத்து அண்ணாச்சி மூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

"இனிமே குளத்துலயே பிரிச்சுட்டு பஸ்ல ஏறிருவேன். உன்னத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாரு" என்றார் அக்கா.

"தொந்தரவு எல்லாம் இல்ல அக்கா."

"போடி. உனக்கு எத்தன சோலி கெடக்கு."

டீ குடித்துவிட்டுப் போனார்.

குளத்திலிருந்து குற்றாலம் போகும் மாலை பஸ் என் கடையைத் தாண்டித்தான் போகிறது. இங்கே நிறுத்தம் கிடையாது. சில நாட்களில் ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடும். நான் ஸ்பேனரோடு கையை ஆட்டுவேன். அதற்குள் பஸ் போய்விடும். அக்காவின் வீட்டுக்காரர் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று பழக்கடை ஆள் ஒருவர் சொன்னார்.

கடை வைக்கப் போகும் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பித்தளை மூட்டுக்கு எண்ணெய் போடாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பயன்படுத்திய அன்றே பிரித்துவிடுங்கள். திருகாதீர்கள். இரண்டு பேர் வேண்டிய வேலைக்கு இரண்டாவது ஆளைக் கூப்பிட வெட்கப்படாதீர்கள். ஒரே கோளாறோடு ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால், அவர் வருவது உங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், நீல மையை எடுத்துக் கோளாறைக் கண்டுபிடியுங்கள். அவர் மறுபடி வரத் தேவையில்லாதபடி செய்து கொடுப்பதற்குத்தான் நாம் படித்திருக்கிறோம். அன்றைக்கு மாலை வாங்கி வைத்த பால் மிஞ்சிப்போகும். அதையும் நாமே காய்ச்சிக் குடித்துவிட்டு, மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்க வேண்டும்.